விளையாட்டு யந்திரமும் வழுவமைதியும்

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சற்று விசித்திரமானது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துக் குழந்தைகள் ஆடிய பழைய வீடியோ கேம் யந்திரங்கள் பலருக்கும் நினைவிருக்கும். அவற்றைத் திறந்து, உள்ளே ஓடும் மின்வழிகளில் கைவைத்து, காட்ட வேண்டிய படத்துக்குப் பதிலாக வேறொன்றைக் காட்டவும், எழுப்ப வேண்டிய பாட்டுக்குப் பதிலாக ஓர் இரைச்சலை எழுப்பவும் செய்கிறவர்கள் உலகில் பலர் இருக்கிறார்கள். குறும்புக்காக அல்ல, அந்தக் காட்சியையும் இரைச்சலையும் ஒருங்கே சேர்த்து, அரங்கில் கலையாக நிகழ்த்துவதற்காகவே இதைச் செய்கிறார்கள். இது கலைதானா? ஆம் எனில், நமக்கும் அதற்கும் என்ன உறவு? இவ்விரண்டு கேள்விகளைச் சிறிது ஆராய்வோம்.

கலைப்பாடத்தில் பட்டம் பெற்று, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, எந்தப் பொருளும் முதலில் ஒரு சொல்லாகவே வந்து நிற்கிறது. இங்கேயும் அப்படித்தான். இரைச்சல் என்று நாம் வழங்குவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லை மின்பொறியியலார் ஒரு தனிப் பொருளில் ஆள்கிறார்கள். வேண்டிய செய்தியோடு கலந்து வரும் வேண்டாத கூறு எதுவாயினும், அது ஒலியானாலும் ஒளியானாலும், அவர்களுக்கு அது இரைச்சலே. நிலையம் பிடிபடாத வானொலிப் பெட்டியின் கரகரப்பும், ஒளிபரப்பு இல்லாத நேரத்தில் பழைய தொலைக்காட்சித் திரையில் எறும்புக் கூட்டம்போல் ஊர்ந்த புள்ளிகளும் அவர்களுடைய அகராதியில் ஒன்றுதான். தமிழிலோ ஓசை, அரவம், சந்தடி, ஆரவாரம், இரைச்சல் எனப் பல சொற்கள் உண்டு. கடலும் இரைகிறது, சந்தையும் இரைகிறது. முன்னதைக் கேட்பதற்கென்றே சென்று கரையில் அமர்கிறோம். பின்னதிலிருந்து தப்பி வீடு திரும்புகிறோம். ஆகவே, வேண்டாத ஒலி என்ற விளக்கம் வந்தவுடனே, யாருக்கு வேண்டாதது என்ற கேள்வியும் உடன் வந்துவிடுகிறது. நம் பொருளின் கரு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

முதலில் யந்திரத்தைப் பார்ப்போம். 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு யந்திரம் வீடுகளில் பெரிதும் பரவிய முதல் யந்திரங்களுள் ஒன்று. அதன் செயல் நினைவகம் 128 பைட்டு மட்டுமே. ஓர் எழுத்துக்கு ஓர் இடம் என்று வைத்துக் கணக்கிட்டால், இரண்டு வெண்பாக்களை எழுதியவுடன் அதில் இடம் தீர்ந்துவிடும். முழுப் படத்தையும் நினைவில் நிறுத்திக்கொள்ள அதற்கு வழியில்லை. தொலைக்காட்சிக் குழலின் எலக்ட்ரான் கற்றை திரையில் ஒரு கோட்டைக் கீறிச் செல்லும் அந்தக் கணத்திலேயே, அந்தக் கோட்டில் எந்த நிறம் வர வேண்டும் என்பதை அந்த யந்திரம் சொல்லிக்கொண்டே போகவேண்டும். கோலமிடுகிறவர் கைப்பிடி மாவை விட்டுக்கொண்டே அடுத்த இழையை நினைப்பதுபோன்ற வேலை அது.

1983-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்ற யந்திரத்தை வெளியிட்டது. இந்தியாவில் 1990-களில் பல பெயர்களில், பல வண்ணப் பெட்டிகளில் விற்பனையானவை பெரும்பாலும் இதன் நகல்களே. விளையாட்டு அடங்கிய பெட்டியை நாம் கேசட் என்று அழைத்தோம். விளையாட்டு ஓடாவிட்டால் அந்தக் கேசட்டைக் கழற்றி, அதன் வாயில் ஊதி, மீண்டும் செருகுவது அக்காலச் சிறுவர்கள் அனைவரும் அறிந்த வைத்தியம். அவ்வாறு அரைகுறையாகச் செருகப்பட்ட கேசட்டிலிருந்து, கதாநாயகனின் தலை இருக்கவேண்டிய இடத்தில் செங்கல்லும், வானம் இருக்கவேண்டிய இடத்தில் எண்களும் தோன்றியதைப் பார்த்தவர்கள் உண்டு. இன்று கலை என்று சொல்லப்படுவதை அவர்கள் அன்றே, அறியாமல், கண்டுவிட்டார்கள்.

அந்தக் காட்சி ஏன் தோன்றுகிறது? ஃபேமிகாமின் திரை 256 புள்ளி அகலமும் 240 புள்ளி உயரமும் கொண்டது. அது புள்ளி புள்ளியாக வரையப்படுவதில்லை. பக்கத்துக்கு 8 புள்ளி கொண்ட சிறு சதுரங்கள், தரையில் பதிக்கும் ஓடுகளைப்போல, அடுக்கப்பட்டுப் படம் உருவாகிறது. ஓடுகளின் உருவங்கள் கேசட்டுக்குள் இருக்கும் ஒரு சில்லில் உறங்குகின்றன. எத்தனையாவது ஓடு வேண்டும் என்று யந்திரம் சில மின்கம்பிகளின் வழியே கேட்கிறது. சில்லு அதை எடுத்துக் கொடுக்கிறது. அந்தக் கம்பிகளில் ஒன்று தொடாமற்போனாலும், ஒன்றுக்கொன்று மாறினாலும், கேட்ட ஓட்டுக்குப் பதிலாக வேறோர் ஓடு வந்து அமர்கிறது. விளையாட்டின் விதிகள் மாறுவதில்லை. கதாநாயகன் ஓடுகிறான், தாவுகிறான், விழுகிறான். ஆனால் அவன் உருவம் செங்கல்லாகவும், அவன் நிற்கும் நிலம் எழுத்துக் குவியலாகவும் தோன்றுகின்றன. வாக்கியத்தின் இலக்கணம் சரியாக நிற்க, சொற்கள் மட்டும் அனைத்தும் இடம் மாறிவிட்டாற்போன்ற நிலை அது. மொழிபெயர்ப்பாளனுக்கு இந்த விபரீதம் புதிதன்று.

ஒலியின் கதை இன்னும் சுவையானது. அந்த யந்திரத்துக்கு ஐந்து ஒலிவழிகள் உண்டு. இரண்டு கூர்மையான குரலில் பாடுபவை. ஒன்று சற்று மென்மையான கீழ்க்குரல். ஒன்று முன்பே பதிவான ஒலித்துணுக்கை ஒலிப்பது. எஞ்சிய ஒன்று இரைச்சலுக்கென்றே ஒதுக்கப்பட்டது. வெடியோசை, காற்று, மத்தள அடி ஆகியவை அதிலிருந்தே பிறக்கின்றன. அந்த இரைச்சல் எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் வியப்பு மேலிடும். பதினைந்து இடங்கள் கொண்ட ஒரு சிறு வரிசையில், ஒவ்வொரு அடியிலும் குறிகள் ஓரிடம் நகர்கின்றன. குறிப்பிட்ட இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பிறக்கும் புதுக்குறி காலியான இடத்தில் புகுகிறது. 32,767 அடிகள் சென்றபின் வரிசை தொடக்க நிலைக்கே திரும்பிவிடுகிறது. அத்தனை நீண்ட ஆவர்த்தனத்தைச் செவி தொடர முடியாததால், நாம் அதை ஒழுங்கற்ற இரைச்சல் என்கிறோம். உண்மையில் அது ஒரு தாளமே. நம் நினைவுக்கு எட்டாத நீளமுடைய தாளம்.

இனி, கலைஞர்கள் செய்வதைக் காண்போம். யந்திரத்தின் துடிப்பை நிர்ணயிக்கும் பளிங்கு ஒன்று உள்ளே இருக்கும். அதை நீக்கிவிட்டுக் கைத்திருகினால் கூட்டவும் குறைக்கவும் கூடிய துடிப்பியை வைத்தால், பாட்டு முழுதும் ஒரு குழைவோடு தாழ்ந்து, உயர்ந்து, கிழவனின் இருமலாகவும் குருவியின் கீச்சாகவும் மாறும். ஓடுகளைக் கேட்கும் கம்பிகளுக்கிடையே சிறு விசைகளைப் பொருத்தினால், விரல் படும்போதெல்லாம் திரையில் ஓவியம் குலைந்து வேறோர் ஓவியமாகும். ஒலி வெளிவரும் கம்பியைப் படம் வெளிவரும் கம்பியோடு சேர்த்தால், கேட்பது திரையில் கோடுகளாகத் தெரியும். இவற்றை ஒரு மேசைமீது அடுக்கி, வாத்தியம் வாசிப்பதுபோல் வாசிக்கிறார்கள்.

இந்த வழக்கத்துக்குச் சர்க்யூட் பெண்டிங் என்று பெயர். மின்சுற்றை வளைத்தல் என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்காவைச் சேர்ந்த ரீட் கஸாலா என்பவர் 1960-களில் தம் மேசை அறையில் கிடந்த ஒரு சிறு ஒலிபெருக்கி, உலோகம் பட்டு மின்வழி பிறழ்ந்து, விந்தையான ஒலிகளை எழுப்பக் கேட்டார். பிறர் அதை அணைத்துப் பழுது பார்த்திருப்பார்கள். அவரோ அந்தப் பழுதையே வேண்டுமென்று உண்டாக்கக் கற்றார். 1990-களில் இந்தப் பெயரையும் அவரே வழங்கினார். படத்தின் துறையில் இதற்கு முன்னோடி கொரியாவில் பிறந்த நாம் ஜுன் பைக். 1963-ஆம் ஆண்டு ஜெர்மனியில் வுப்பர்டால் நகரில் நடந்த கண்காட்சியில் உள்ளே மாற்றியமைத்த தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்தார். 1965-இல் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் பெரிய காந்தத்தை வைத்து, எலக்ட்ரான் கற்றையை வளைத்து, திரையில் ஒளிக்கோலம் படைத்தார். இசையின் துறையில் இன்னும் முன்னே செல்லலாம். 1913-ஆம் ஆண்டிலேயே இத்தாலியைச் சேர்ந்த லூயிஜி ருஸ்ஸோலோ, இரைச்சலின் கலை என்ற அறிக்கையை எழுதி, ஆலைகளும் வண்டிகளும் எழுப்பும் ஓசைகளையும் இசைக்குள் சேர்க்கவேண்டும் என்று வாதாடினார்.

விளையாட்டு யந்திரத்தில் செய்த ஒரு சாதுவான செயலையும் சொல்லவேண்டும். 2002-ஆம் ஆண்டு அமெரிக்கக் கலைஞர் கோரி ஆர்க்கேஞ்சல், உலகப் புகழ்பெற்ற மாரியோ விளையாட்டின் கேசட் ஒன்றைத் திறந்து, உள்ளிருந்த சில்லை மாற்றினார். அவருடைய படைப்பில் ஓடுபவனில்லை, பகைவரில்லை, நாணயமில்லை, பாட்டும் இல்லை. நீல வானமும், அதில் மெல்ல நகரும் வெண்மேகங்களும் மட்டுமே உள்ளன. வென்றாக வேண்டும் என்ற அவசரத்தில் எவரும் ஏறிட்டுப் பாராத மேகத்தை அவர் பார்க்க வைத்தார். யந்திரத்தில் கைவைப்பது கூச்சலுக்கே என்பதில்லை. மௌனத்துக்கும் அது வழியாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்பொழுது எதிர்வாதத்தைக் கேட்போம். பழுதைக் கலை என்பதா? பிழை என்றால் பிழைதானே? இவ்வாறு கேட்பவர்களுக்குத் தமிழ் இலக்கணமே விடை வைத்திருக்கிறது. நன்னூல் வழு என்றும் வழாநிலை என்றும் பிரித்ததோடு நின்றுவிடவில்லை. வழுவமைதி என்று மூன்றாவதாக ஒன்றையும் வைத்தது. விதிக்கு மாறாக இருந்தும், ஒரு காரணம் பற்றி அறிஞர்களால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. வீட்டுப் பசுவை, மகிழ்ச்சி மிகுதியால், அஃறிணை என்பதை மறந்து, என் தாய் வந்தாள் என்று ஒருவர் சொன்னால் அது திணை வழுதான். எனினும் உவகை என்னும் காரணம் இருப்பதால் இலக்கணம் அதை அமைத்துக்கொள்கிறது. காரணமின்றி அவ்வாறு சொன்னால் அது வெறும் பிழை. ஆக, பிழைக்கும் அமைதிக்கும் உள்ள வேற்றுமை செயலில் இல்லை, காரணத்தில் இருக்கிறது. யந்திரத்தைக் குலைப்பவருக்கும் இதே அளவுகோல்தான். கைக்கு வந்ததைக் குலைத்துவிட்டுக் கலை என்பாரை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஏன் குலைத்தார், குலைந்ததில் எதைக் கேட்கச் சொல்கிறார் என்று வினவும் உரிமை நமக்கு உண்டு.

நம் சங்கீதமும் இரைச்சலை முற்றிலும் விலக்கியதன்று. தம்பூராவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குதிரையின்மேல் தந்திக்கு அடியில் ஒரு சிறு நூலிழையை வைத்து, ஜீவா பிடிப்பது என்கிறோம். அந்த நூல் இல்லையெனில் தந்தி தெளிவாக, ஆனால் உயிரின்றி ஒலிக்கும். நூல் சரியான இடத்தில் நின்றவுடன், தந்தி குதிரையின் வளைந்த முதுகை உரசி, ரீங்காரம் எழுகிறது. சர். சி. வி. ராமன் 1921-ஆம் ஆண்டு இந்தியத் தந்தி வாத்தியங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், தந்தியை மீட்டும் இடத்தைப் பொறுத்துச் சில மேற்சுரங்கள் எழவே கூடாது என்று மேனாட்டுக் கொள்கை சொன்னபோதும், தம்பூராவிலும் வீணையிலும் அவை எழுவதைக் காட்டினார். கொள்கைக்கு அது வழு. நம் செவிக்கு அதுதான் சுருதி. மிருதங்கத்தில் கரணை பூசுவதும் அத்தகையதே. வெறும் தோலை அடித்தால் எழும் மேலொலிகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. நடுவில் பூசிய கருஞ்சாந்தின் பாரத்தால் அவை இசைவுக்கு வருகின்றன. இதையும் ராமன் 1920-இலும் 1934-இலும் ஆராய்ந்து எழுதினார். தண்ணீர்ப் பானையின் உடன்பிறப்பான கடத்தை வித்துவான்களுக்கு நிகராக மேடையில் அமர்த்தியவர்களும் நாம்தான். உறுமியின் தோலை வளைகுச்சியால் தேய்த்து எழுப்பும் உறுமலை எந்தச் சுரத்தில் எழுதுவது? ஆயினும் அது இல்லாத கிராமத் திருவிழா உண்டா?

அலுவல் நிமித்தம் நாம் வசிக்கும் சாமராஜநகரிலும் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. மைசூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்து 1997-இல் தனி மாவட்டமான இந்நிலம், திம்பம் மலைப்பாதையின் வழியே சத்தியமங்கலத்தோடும் தாளவாடியோடும் உறவு கொண்டது. இம்மாவட்டத்து மாதேஸ்வரன் மலைக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் அடியார்கள் திரளாக வருகிறார்கள். அந்த மலையின் அடியார் மரபில் கம்சாளே என்ற கலை விளங்குகிறது. பித்தளைத் தட்டு ஒன்று உள்ளங்கையில் இருக்க, கயிற்றில் கட்டிய மற்றொரு தட்டு சுழன்று வந்து அதில் மோதும். பாடிக்கொண்டே ஆடுவோர் தட்டைத் தலைக்கு மேலும், முதுகுக்குப் பின்னும், பக்கத்தில் நிற்பவரின் தட்டிலும் மோதவிடுவார்கள். மின்னலாகத் தட்டு சுழல்வதும் கணீரென்று ஒலிப்பதும் ஒரே செயல். காட்சியையும் இரைச்சலையும் ஒரே கையசைவில் பிறப்பிக்கும் கலை யந்திர யுகத்தின் கண்டுபிடிப்பு அன்று என்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

மின்யந்திரத்தைத் தம் கைக்கு வசமாக்கிக் கொண்டவர்கள் இந்நாட்டிலேயே இருந்திருக்கிறார்கள். மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம். வி. கோபாலசாமி 1935-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தம் இல்லத்திலேயே ஒரு சிறு ஒலிபரப்பியை நிறுவி, பேச்சும் பாட்டும் ஒலிபரப்பினார். ஆகாசவாணி என்ற பெயர் அந்த வீட்டு நிலையத்துக்கு வழங்கியது. பிற்காலத்தில் நாட்டின் வானொலிக்கே அது பெயராயிற்று. அதற்கு முன்பே, 1924-இல், சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முதலியோர் வானொலிச் சங்கம் அமைத்து ஒலிபரப்பியிருந்தார்கள். வானொலி நம் நாட்டுக்கு வந்தது ஆர்வலர்களின் மேசையிலிருந்து என்பதை மறத்தலாகாது.

மின்னணு இசையின் வரலாறு இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1969-ஆம் ஆண்டு அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. கௌதம் சாராபாயும் கீரா சாராபாயும் முன்னின்று வளர்த்த நிறுவனம் அது. அவர்களுடைய சகோதரி கீதா சாராபாய் 1946-இல் நியூயார்க்கில் ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளரைச் சந்தித்து, அவருக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடம் மேனாட்டு இசையைக் கற்றவர். எல்லா ஒலியும் இசைக்கு உரியதே என்ற கொள்கைக்காக உலகம் அறிந்த பெயர் கேஜ். அவருடைய தோழரான டேவிட் டியூடர் அகமதாபாத்துக்கு வந்து, மூக் என்ற மின்னிசை யந்திரத்தை அங்கே நிறுவ உதவினார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அந்த யந்திரத்தில் பணியாற்றி, ஒலிநாடாக்களில் தம் படைப்புகளைப் பதிந்தார்கள். கம்பிகளைக் குழியிலிருந்து குழிக்கு மாற்றிச் செருகிச் செருகியே ஒலியைத் தேடும் யந்திரம் அது. இன்று விளையாட்டுப் பெட்டியின் கம்பிகளை மாற்றுவோர் செய்வதற்கு மிக நெருங்கிய செயலை நம்மவர் அன்றே செய்தார்கள்.

அதன்பின் நடந்ததுதான் நெஞ்சை உறுத்துவது. சில ஆண்டுகளில் அந்த முயற்சி ஓய்ந்தது. நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் தங்கிவிட்டன. 2017-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த இசைக்கலைஞர் பால் பர்கஸ் அவற்றைத் தேடிக் கண்டு வெளிக்கொணர்ந்தார். 2023-இல் அவற்றிலிருந்து தேர்ந்த தொகுப்பு உலகெங்கும் வெளியாயிற்று. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இந்தியாவின் முதல் மின்னணு இசைப் படைப்புகளைக் கேட்கச் செவி இல்லாதிருந்தது. படைத்தவர்கள் இருந்தார்கள், யந்திரம் இருந்தது, ஆனால் அடுத்த கைக்குக் கற்றுக்கொடுக்கும் தொடர்ச்சி இல்லை. பம்பாயில் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங் 1982-இல் மூன்று ஜப்பானிய மின்னிசை யந்திரங்களைக் கொண்டு, பத்து ராகங்களை நடனத் தாளத்தில் அமைத்து இசைத்தட்டு ஒன்று செய்தார். அவற்றுள் ஒன்று கித்தார் வாசிப்போர் தனியே பழகும்போது துணைக்கு ஒலிப்பதற்காகச் செய்யப்பட்டது. அவரோ அதில் ராகத்தைத் தேடினார். அதே யந்திரத்தைக் கொண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரத்து இளைஞர்கள் புதிய நடன இசை ஒன்றை உருவாக்கி உலகப் புகழ் பெற்றது அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே. இங்கே அந்தத் தட்டு விலைபோகவில்லை. 2010-இல் மீண்டும் வெளிவந்தபோதுதான் உலகம் அதை வியந்தது.

மறுபுறம், மின்சுற்று நம் சங்கீதத்தின் அன்றாடத்தில் இடம்பெற்ற வெற்றியும் உண்டு. பெங்களூரில் பொறியாளர் ஜி. ராஜ் நாராயண் 1979-ஆம் ஆண்டு மின்னணுத் தம்பூராவை உருவாக்கினார். இன்று அத்தகைய சுருதிப்பெட்டி இல்லாத பாட்டு வகுப்பைக் காண்பது அரிது. அகமதாபாத்து நாடா உறங்கியதற்கும் பெங்களூர்ப் பெட்டி வாழ்ந்ததற்கும் காரணம் தெளிவானது. பின்னது வீடுகளுக்குள் சென்றது, கைகளில் பழகியது, கெட்டால் சரிசெய்ய ஆள் இருந்தது.

இந்தக் கடைசிக் காரணத்தை நாம் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். எல்லாச் சிற்றூர்களையும் போலவே சாமராஜநகர்க் கடைத்தெருவிலும் வானொலி, தொலைக்காட்சி பழுது பார்க்கும் கடைகள் அருகி, கைப்பேசி விற்கும் கடைகள் பெருகிவிட்டன. பழைய மெக்கானிக் ஒரு பெட்டியின் பின்புறத்தைத் திறந்து, மணத்தை வைத்தே எந்தப் பாகம் கருகியது என்று சொல்வார். இன்று வரும் யந்திரங்களில் பல திறக்கவே முடியாதபடி ஒட்டி மூடப்பட்டு வருகின்றன. திறக்க முடியாத பொருளுக்கு நாம் விலை கொடுத்தாலும், அது முழுதும் நம்முடையது ஆவதில்லை. அதைப் பயன்படுத்துபவராக மட்டுமே நாம் நிற்கிறோம். பழைய விளையாட்டு யந்திரத்தைத் திறந்து பார்க்கும் இளைஞன் முதலில் கற்பது இரைச்சல் எழுப்புவதை அன்று. ஒரு பொருளுக்கு உள்ளே இருப்பது மந்திரமல்ல, மனிதர் வகுத்த வழி என்பதைத்தான். வகுத்த வழியை அறிந்தவனால் கெட்டதைச் சரிசெய்யவும் முடியும். புதிதாக வகுக்கவும் முடியும்.

குப்பை என்ற கேள்வியும் உண்டு. மின்னணுக் கழிவைக் கையாள 2022-ஆம் ஆண்டின் புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. ஆனால் கழிவாக முடிவுசெய்யப்படும் முன் ஒரு பொருளுக்கு இன்னொரு வாழ்வு கிடைக்குமானால், அதைவிடச் சிக்கனம் வேறில்லை. இதற்காக எல்லாப் பழைய யந்திரங்களையும் பிளந்துவிடலாம் என்பது நம் கருத்தன்று. நம் இளமையில் தந்தையார் வாங்கித் தந்த யந்திரம் ஒன்று இன்னமும் ஓடுகிறது. அதைத் திறக்க நமக்கு மனம் வருவதில்லை, திறக்கவும் மாட்டோம். ஒழுங்காக ஓடுவதும், அரிதாகிவிட்டதும் பாதுகாக்கப்படவேண்டும். பழைய விளையாட்டுகளும் ஒரு தலைமுறையின் ஆவணங்களே. கணக்கின்றிச் செய்யப்பட்ட மலிவான நகல்களும், ஆட உதவாமல் மூலையில் கிடப்பவையுமே கைவைக்கத் தக்கவை. ஓலைச்சுவடியின் பின்புறத்தில் கணக்கு எழுதலாகாது. கிழிந்த நோட்டில் எழுதலாம்.

இறங்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில எச்சரிக்கைகள். முதலாவது, சுவரிலிருந்து நேரே மின்சாரம் பெறும் எந்தப் பெட்டியையும் திறக்கலாகாது. பழைய தொலைக்காட்சிக் குழலுக்குள் இருபதாயிரம் வோல்ட்டும் அதற்கு மேலும் அழுத்தம் இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அது தங்கியிருந்து உயிரை வாங்கவல்லது. பாட்டரியில் இயங்கும் பொம்மையோ, சிறிய விளையாட்டுப் பெட்டியோ தொடக்கத்துக்குப் போதும். இரண்டாவது, பழைய பற்றாசில் ஈயம் உண்டு; காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்து, கையைக் கழுவிய பின்னரே உணவைத் தொடவேண்டும். மூன்றாவது, பார்வையாளரைப் பற்றியது. விரைவாக மின்னி மறையும் ஒளி, வலிப்பு நோய் உள்ள சிலருக்கு ஆபத்தாகலாம். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் நிகழ்ச்சியில் சிவப்பும் நீலமும் விரைந்து மாறி மின்னிய சில விநாடிகளால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. ஆகவே இத்தகைய காட்சிக்கு முன் அறிவிப்பு வேண்டும். ஒலியின் அளவும் செவி தாங்கும் அளவில் நிற்கவேண்டும். கேட்பவரைத் துன்புறுத்துவதில் வீரமில்லை.

நான்காவதாக ஒன்றுண்டு, அதை எச்சரிக்கை என்பதைவிட வேண்டுகோள் என்றே சொல்லலாம். செய்ததை எழுதி வையுங்கள். எந்தக் கம்பியை எதனோடு சேர்த்தீர்கள், என்ன கேட்டது, என்ன தெரிந்தது என்பதைத் தேதியிட்டு, தமிழிலோ கன்னடத்திலோ உங்களுக்கு எளிதாக வரும் மொழியில் குறித்து, ஒலியையும் பதிந்து வையுங்கள். ஊரில் உள்ள பழைய மெக்கானிக்கிடம் சென்று அமருங்கள். அவருக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இராது. கம்சாளே ஆடுவோரையும் உறுமி இசைப்போரையும் உங்கள் மேசைக்கு அழையுங்கள். உங்கள் பெட்டியின் இரைச்சலுக்கு அவர்கள் தாளம் சொல்வார்கள். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அறிவியல் கண்காட்சி நடத்துவோர், ஓடும் மாதிரிகளுக்கு மட்டுமன்றி, இவ்வாறு திறந்து காட்டும் முயற்சிகளுக்கும் ஒரு மேசை ஒதுக்கலாம். பெரிய செலவு இல்லாத காரியம் இது.

நேயர்களே, இரைச்சலைக் கலையாக்கும் இம்முயற்சிகள் அனைத்தும் நிலைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பெரும்பாலானவை மறையும், சில மட்டும் நிற்கும். எல்லாக் கலைக்கும் அதுவே விதி. ஆனால் நிற்க வேண்டியதும் கேட்பாரற்று அலமாரியில் ஐம்பது ஆண்டு கிடக்கும் நிலை மறுபடியும் வரலாகாது. வழுவை அமைதியாக ஏற்பதற்கு முதலில் அதைக் கேட்கும் சபை வேண்டும். மகனோ மகளோ மூலையில் கிடக்கும் பழைய பெட்டியைத் திருகாணி கழற்றித் திறந்து, கரகரவென்று ஓர் ஓசையை எழுப்பினால், உடனே அதட்டி நிறுத்தாமல், பாட்டரியில்தான் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, சற்றுநேரம் அருகில் அமர்ந்து கேளுங்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் தேடும் விடையிலிருந்தே கலை தொடங்குகிறது.